எந்திர அறையின் ஆசான்

(ஜமாஅத் கல்விக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது பூந்தமல்லிக்குக் கடற்கரை இல்லை. இங்கே இருப்பவை பூவும் நெடுஞ்சாலையும்தாம். இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு வெளியே வருவோர் காண்பது, இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் துறைமுகத்தை நோக்கி விரையும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையைத்தான். அந்த இரும்புப் பெட்டிகள் எந்தக் கப்பலில் ஏறும், அந்தக் கப்பலை ஓட்டுவோர் யாவர் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சாலையைக் கடப்பதே அந்நேரத்தில் நமக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

ஆயினும் கடலை நன்கறிந்தோர் நம்மிடையே இருந்தனர், இருக்கின்றனர். மும்பையிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற கப்பல் வழி ஹஜ் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அவ்வாறு கப்பலேறிச் சென்று வந்த பெரியவர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் கூறிய செய்தி இன்றும் மறக்கவில்லை. கீழ்த்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது எந்திரத்தின் ஓசை தரையின் வழியாக உடம்பில் அதிர்ந்துகொண்டே இருக்குமாம். முதல் இரண்டு இரவுகள் உறக்கம் வராதாம். பிறகு அந்த ஓசையே தாலாட்டாகிவிடுமாம். ஓரிரவு நடுக்கடலில் எந்திரம் சற்று நேரம் நின்றது. நின்ற உடனேயே தளம் முழுவதும் விழித்துக்கொண்டது என்றார். "ஓசை கேட்டு விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன் தம்பி, ஓசை நின்று விழித்தது அன்றுதான்" என்று சொல்லிவிட்டு, "அதைச் சரிசெய்தவர் யாரென்று கடைசிவரை யாரும் கேட்கவேயில்லை" என்றும் சேர்த்துச் சொன்னார்.

இன்றைய நம் உரைக்கு வித்திட்டது அந்தப் பெரியவரின் கடைசி வாக்கியமே. கப்பலுக்கு உடைமையாளர் உண்டு. அவர் பெயரை வரலாறு எழுதிக்கொள்கிறது. வ.உ.சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கித் தோள்கொடுத்த ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்களின் பெயரையும் நம் சமுதாய மேடைகளில் பெருமையோடு கூறிக்கொள்கிறோம், கூறவும் வேண்டும். கப்பலுக்குத் தலைவர் உண்டு. கேப்டன் என்றால் குழந்தைக்கும் தெரியும். ஆனால் நீர்மட்டத்திற்குக் கீழே, வெயிலும் காற்றும் எட்டாத அறையில் நின்று எந்திரத்தைக் காக்கும் பொறியாளரின் பெயர் யாருக்குத் தெரியும்? 1912 ஏப்ரல் 15 அன்று டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது தலைமைப் பொறியாளர் ஜோசப் பெல் உட்பட அதிலிருந்த 35 பொறியாளர்களில் ஒருவர்கூடக் கரை சேரவில்லை. கப்பல் அமிழ்வதற்குச் சில நிமிடங்கள் முன்புவரை அதில் விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சத்தில்தான் மற்றவர்கள் படகுகளில் ஏறித் தப்பினர்.

அத்தகைய கீழ்த்தளத்து மனிதர் ஒருவரை, நம் நாட்டவரை, இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர் பெயர் அர்தசீர் கர்செட்ஜி. 1877 நவம்பர் 16 அன்று, தம் 69ஆம் வயதில், இங்கிலாந்தின் ரிச்மண்ட் நகரில் மறைந்தவர். அவர் நம் சமயத்தவர் அல்லர்; மும்பைப் பார்சி சமூகத்தைச் சேர்ந்தவர். ஜமாஅத் மேடையில் அவர் பேச்சு எதற்கு என்று யாரேனும் ஐயுறலாம். உரை முடிவதற்குள் அதற்கு விடை கிடைக்கும் என்று நம்புகிறோம்.

மும்பையில் கப்பல் கட்டும் கலை வாடியா குடும்பத்தின் கையில் இருந்தது. 1736இல் சூரத்திலிருந்து அழைத்து வரப்பட்ட லவ்ஜி நசர்வான்ஜி என்னும் தச்சுத் தலைவர் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்தாரே மும்பைக் கப்பல் கட்டும் துறையின் தலைமை மேஸ்திரிகளாக விளங்கினர். அவர்கள் மலபார்த் தேக்கில் கட்டிய போர்க்கப்பல்களை ஆங்கிலேயக் கடற்படையே விரும்பி வாங்கியது. அவற்றுள் 1817இல் நீரில் இறக்கப்பட்ட ஒரு கப்பலுக்கு நம் காதுக்குப் பழகிய திருகோணமலையின் பெயர். டிரிங்கோமலி என்னும் அக்கப்பல் இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கின் உறுதியா, தச்சனின் உறுதியா என்று கேட்டால் இரண்டும்தாம் என்று சொல்லவேண்டும்.

அந்தக் குடும்பத்தில் 1808 அக்டோபர் 6 அன்று பிறந்தவர் அர்தசீர். 14 வயதில் தந்தையோடு கப்பல் துறையில் கால் வைத்தார். மரத்தைத் தட்டிப் பார்த்தே அதன் குணம் சொல்லும் பெரியவர்களுக்கு நடுவில் வளர்ந்த பையன் அவர். அந்தப் பையனுடைய மனம் மட்டும் மரத்தில் நிற்கவில்லை. நீராவியின் பின்னால் போய்விட்டது.

அக்காலத்தில் நீராவிக் கப்பல் என்பது பாதி நம்பிக்கை, பாதி கேலிப்பொருள். 1830 மார்ச் 20 அன்று 'ஹியூ லிண்ட்சே' என்னும் நீராவிக் கப்பல் மும்பையிலிருந்து சூயசுக்குப் புறப்பட்டது. மும்பையிலேயே கட்டப்பட்ட கப்பல் அது. ஏடன் சேரத் தேவையான நிலக்கரியில் பாதியளவுக்கே அதில் இடம் இருந்தது. எனவே அறைகளிலும் தளத்திலும் கரியைக் கொட்டி நிரப்பினர். பதினோராம் நாள் ஏடனை அடைந்தபோது எஞ்சியிருந்த கரி ஆறு மணி நேரத்துக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. இன்னும் அரை நாள் தூரம் கூடியிருந்தால் கப்பல் நடுக்கடலில் வெறுமனே மிதந்திருக்கும். ஆயினும் அந்தப் பயணத்தோடுதான் செங்கடல் வழி நீராவிக்குத் திறந்தது. பின்னாளில் ஹாஜிகளைச் சுமந்து சென்ற நீராவிக் கப்பல்களுக்கும் அதுவே முன்னோடி. அர்தசீருக்கு அப்போது 21 வயது.

அவருக்கு நீராவியைச் சொல்லிக்கொடுக்க அந்தத் துறையில் ஆசான் இல்லை. நூல்களைப் படித்தும், வந்த எந்திரங்களைப் பிரித்துப் பார்த்தும் தாமே கற்றார். ஒரு குதிரைத்திறன் கொண்ட சிறு நீராவி எந்திரத்தைத் தம் கையாலேயே செய்து நீர் இறைக்க வைத்தார். 1833இல், 25 வயதில், 'இண்டஸ்' என்னும் 60 டன் கப்பலைக் கட்டி அதற்கு நீராவி எந்திரம் பொருத்தினார். மறு ஆண்டு மசகானில் இருந்த தம் இல்லத்திலும் தோட்டத்திலும் வாயு விளக்குகளை ஏற்றினார். மும்பை அதற்கு முன் கண்டிராத அந்தக் காட்சியைக் காண ஆளுநரே நேரில் வந்தார்.

இவற்றைவிட நம் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. அவர் எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்துக்குச் சென்று, அங்கே ஆசிரியராக இருந்த ஆர்லேபாருக்குத் துணையாக நின்று, மாணவர்களுக்கு எந்திர இயலும் வேதியியலும் கற்பித்தார். இதன் அருமையை உணரவேண்டுமானால் அக்காலத் தொழில் வழக்கத்தை அறிந்திருக்கவேண்டும். கப்பல் கட்டும் நுட்பம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும், குடும்பத்தைத் தாண்டாது. எந்திர நுட்பமோ ஆங்கிலேயரிடம் இருக்கும், அவர்களைத் தாண்டாது. இரண்டு பூட்டுகளுக்குள்ளும் நுழைந்தவர் அர்தசீர். நுழைந்தவர் உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டிருக்கலாம். நம் காலத்திலேயே எத்தனை மெக்கானிக்குகள், பையன் பக்கத்தில் வந்தால் 'போய் டீ வாங்கி வா' என்று அனுப்பிவிட்டு, அவன் திரும்புவதற்குள் டியூனிங்கை முடித்துவிடுகிறார்கள்! அர்தசீர் தாம் அறிந்ததை வகுப்பறைக்குக் கொண்டுபோய் வைத்தார். அவரை ஆசான் என்று நாம் அழைப்பது இதனால்தான்.

1839இல் அவர் இங்கிலாந்து சென்றார். அவருடைய உறவினர் இருவர் அதற்குச் சற்று முன்பே சத்தம் துறையில் கப்பல் கட்டும் கலை பயிலச் சென்றிருந்தனர். அர்தசீர் சென்றது நீராவியைக் கற்க. தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார். மார்க் புருனேல் போன்ற பொறியியல் மேதைகளைச் சந்தித்தார். தம் பயண நாட்குறிப்பை 1840இல் லண்டனிலேயே நூலாக வெளியிட்டார். அவ்வாண்டே மும்பை நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளராகவும் எந்திரங்களின் மேற்பார்வையாளராகவும் நியமனம் பெற்றார். மாதம் 600 ரூபாய் ஊதியம். 1841 மே 27 அன்று லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

அந்தப் பெருமையைப் பெற்ற இரண்டாவது இந்தியர் யார் தெரியுமா? நம் கணித மேதை சீனிவாச இராமானுசன். ஆண்டு 1918. இடையில் 77 ஆண்டுகள்! இதில் ஓர் ஒற்றுமையும் உண்டு. இராமானுசன் 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுத்தராகப் பணியில் சேர்ந்தவர். அவரை அடையாளம் கண்டு தூக்கிவிட்டவர்களில் ஒருவர் அக்கழகத்தின் தலைவராக இருந்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ராயல் சொசைட்டிக்குள் நுழைந்த முதல் இரண்டு இந்தியர்களில் ஒருவர் மும்பைக் கப்பல் துறையில் ஊதியம் பெற்றவர். மற்றவர் நம் கண்டெய்னர் லாரிகள் போய்ச் சேரும் அதே சென்னைத் துறைமுகத்தில் ஊதியம் பெற்றவர். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பொது அறிவுப் போட்டிக்கும் உதவும்.

அர்தசீர் பதவி ஏற்றதும் எதிர்ப்பு எழுந்தது. மும்பை ஆங்கில நாளேடு ஒன்று, ஆங்கிலத் தொழிலாளர்களை நடத்தவும் அடக்கி ஆளவும் ஓர் இந்தியரால், அவர் எவ்வளவு கற்றவராயினும், இயலுமா என்று வெளிப்படையாகவே ஐயம் எழுப்பியது. அவருடைய அறிவை அவர்கள் மறுக்கவில்லை. தலைமையைத்தான் மறுத்தனர். இந்தியர் ஒருவர் கற்கலாம், வேலை செய்யலாம், நூலும் எழுதலாம். வெள்ளையரின் மேலே அமரக்கூடாது. அவர் எதிர்வாதம் புரியவில்லை. 1857இல் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ 16 ஆண்டுகள் அந்த நாற்காலியில் அமர்ந்து வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று விளக்கினால்தான் அவர் அருமை புரியும். அக்காலக் கப்பல்களின் கொதிகலன்களில் பெரும்பாலும் கடல்நீரையே கொதிக்க வைத்தனர். நம் வீடுகளில் போர்வெல் நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் காறையைப் பெண்கள் அறிவார்கள். அதுவே கடல்நீராக இருந்து, நாள் முழுவதும் கொதித்தால் என்ன ஆகும்? இரும்பின்மேல் உப்புப் பாறையே படியும். படிவு தடித்தால் நெருப்பின் சூடு நீருக்குப் போகாது, இரும்பே பழுத்து வலுவிழக்கும், பிறகு வெடிக்கும். அதைத் தடுக்க, உப்பேறிய நீரை அவ்வப்போது கடலில் வெளியேற்றிவிட்டுப் புதுநீரை ஏற்றவேண்டும். எப்போது, எவ்வளவு என்பதில்தான் பொறியாளரின் திறமை. அதிகம் வெளியேற்றினால் கரி வீண். குறைத்தால் உயிர் வீண். துறைமுகத்துக்கு வந்ததும் கொதிகலன் ஆறியவுடன் ஆட்கள் உள்ளே நுழைந்து சுத்தியலால் அந்தப் படிவைத் தட்டி உதிர்ப்பார்கள். தேய்ந்த தகடுகளை மாற்றவேண்டும், ஆணியடித்து இணைக்கவேண்டும், வார்ப்பு வார்க்கவேண்டும். இங்கிலாந்திலிருந்து உதிரிப் பாகம் வருவதற்கு மாதங்கள் ஆகும் காலம். உள்ளூர்க் கொல்லரையும் வார்ப்பரையும் கொண்டே அனைத்தையும் செய்தாகவேண்டும். செய்து காட்டினார். 1849இல் மீண்டும் மேலைநாட்டுப் பயணம் சென்று, அமெரிக்காவையும் பார்த்து, மரம் அறுக்கும் எந்திரங்களை மும்பைக்கு வரவழைத்தார். 1851இல் 'லவ்ஜி ஃபேமிலி' என்னும் நீராவிக் கப்பலைத் தம் மூதாதையின் பெயரால் கடலில் இறக்கினார்.

ஓய்வுக்குப் பின்னும் ஓயவில்லை. 1861இல் கராச்சியிலிருந்து கோட்ரிக்கு இருப்புப்பாதை வந்தது. அங்கிருந்து சிந்து நதியில் மேலே செல்லும் நீராவிப் படகுகளுக்குத் தலைமைப் பொறியாளராக கோட்ரியில் பணியாற்றினார். கடல்நீரின் உப்பு போய், ஆற்றுநீரின் சேறும் நகரும் மணல்திட்டுகளும் வந்தன. 1863இல் அதையும் விட்டு விலகி இங்கிலாந்திலேயே தங்கினார். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பமும் இருந்தது. மும்பையோடு தொடர்பு மெல்லத் தேய்ந்தது. அவருடைய வாழ்க்கையின் அந்தப் பகுதியைப் பற்றி நமக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். மறைந்தவரின் நன்மைகளைப் பேசுவதே நம் மரபு. எனவே அங்கே நாம் நிற்க விரும்பவில்லை. இந்திய அஞ்சல் துறை 1969 மே 27 அன்று அவருக்கு ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது. அவரைப் பற்றி நம் தமிழ்ப் பாடநூல்களில் ஒரு பத்தியாவது இருந்திருக்கலாம் என்பது நம் ஆதங்கம்.

இனி, இவர் பேச்சு இந்த மேடையில் எதற்கு என்ற கேள்விக்கு வருவோம்.

அர்தசீர் மறைந்த பின் வந்த காலத்தில் ஆங்கிலேயக் கப்பல்களின் எந்திர அறைகளில் கரி அள்ளிப் போட்டவர்கள் யார்? பெரும்பாலும் முஸ்லிம்கள். கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட கப்பல்களில் சில்ஹெட் பகுதியினர். மும்பையிலிருந்து புறப்பட்டவற்றில் பஞ்சாபியரும் பட்டாணியரும். லஸ்கர்கள் என்று பொதுப்பெயர். 1914இல் ஆங்கிலேய வணிகக் கப்பல்களில் பணிபுரிந்த இந்திய லஸ்கர்கள் சுமார் 50 ஆயிரம் பேர். செங்கடலில் கோடைக்காலத்தில் எந்திர அறையின் வெப்பம் தாளாமல் மயங்கி விழுந்தோர் உண்டு. கடலிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டோர் உண்டு. முதல் உலகப்போரில் உயிர்நீத்த 896 கடலோடிகளின் நினைவாகக் கல்கத்தாவில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. நெருப்புக்கு முன்னால் நின்றவர்கள் நம் மக்கள். ஆனால் அதே அறையில், பத்தடி தள்ளி, கடிகாரத்தையும் அழுத்தமானியையும் பார்த்துக்கொண்டு நின்ற பொறியாளரிடம் ஒரு சான்றிதழ் இருந்தது. இவர்களிடம் மண்வாரி இருந்தது. அந்தப் பத்தடியைக் கடக்க இவர்களுக்கு உடல் வலிமை குறைவா? அறிவு குறைவா? கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. தேர்வு எழுத வழி இல்லை. அர்தசீர் தனி ஒருவராகத் தாண்டிய இடத்தில், அவருக்குப் பின் ஒரு பாலம் கட்டப்படாமலே பல்லாண்டுகள் கழிந்தன.

பாலம் பின்னர் வந்தது. மும்பையில் 1927இல் 'டஃபரின்' பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டது. முதலில் மேல்தளப் பணிக்கு மட்டுமே இளைஞர்களை எடுத்தனர். எந்திரப் பிரிவுக்கு 1935இல்தான் வழி பிறந்தது. இங்கும் கீழ்த்தளத்துக்கு இரண்டாமிடமே! விடுதலைக்குப் பின் 1949இல் கப்பல் பொறியியலுக்கென்றே அரசுப் பயிற்சி நிறுவனம் எழுந்தது. கல்கத்தாவில் அதன் வழிவந்த நிறுவனத்தில் பயின்று 1999இல் நாட்டின் முதல் பெண் கப்பல் பொறியாளராகத் தேறினார் சோனாலி பானர்ஜி. நம் பெண்மக்களின் தந்தையர் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும். 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் அமைந்தது. அதன் தலைமையிடம் எங்கோ அன்று, நம் சென்னையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து பேருந்து மாறிப் போய்வரும் தூரம்தான்.

வாசல் இவ்வளவு அருகில் வந்துவிட்ட பின்னரும் நம் பிள்ளைகள் எந்த வழியாக நுழைகிறார்கள்? இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் தாயாரோடு நம்மைக் காண வந்தார். கப்பலில் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் கூறியதை நம்பி, தாயாரின் நகையை விற்றுப் பணம் கொடுத்திருந்தனர். சில வாரப் பயிற்சி, ஒரு கட்டுச் சான்றிதழ்கள், மும்பையில் ஒரு விடுதியில் மூன்று மாதக் காத்திருப்பு. அதன் பிறகு அந்த நபரின் தொலைபேசி அணைந்துவிட்டது. சான்றிதழ்களைக் கப்பல் துறை அறிந்த நண்பரிடம் காட்டினோம். புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாயார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பணம் திரும்பவில்லை. இளைஞர் இப்போது டெலிவரி வேலை பார்க்கிறார்.

ஆகவே சில செய்திகளை ஜமாஅத் உறுப்பினர்கள் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம். கப்பலுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் எதுவாயினும் அது கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்கவேண்டும். உரிம எண்ணை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். உரிமம் பெற்ற நிறுவனமும்கூட வேலை வாங்கித் தருவதற்கென்று பணியாளரிடம் பணம் பெறக்கூடாது என்பது இந்திய விதி. இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் அதையே கூறுகிறது. பயிற்சிக் கட்டணம் வேறு. வேலைக்குப் பணம் என்பது வேறு. 'சீட்டுக்கு இவ்வளவு' என்று ஒருவர் வாய் திறந்த உடனேயே எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சி நிலையமும் இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்றதா என்று பாருங்கள். கடற்பணியாளர் பதிவுப் புத்தகமான சி.டி.சி. இருந்துவிட்டாலே வேலை கிடைத்துவிடும் என்று எண்ணவேண்டாம்.

பொறியாளராக வேண்டுமானால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்கவேண்டும். பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வை எழுதவேண்டும். நான்காண்டுப் படிப்பு. மெக்கானிக்கல் முடித்தவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி வழியும் உண்டு. கண் பார்வையில் நிறக்குருடு இருக்கக்கூடாது. இதை முதலிலேயே சோதித்துவிடுங்கள். நான்காண்டு படித்த பிறகு மருத்துவச் சோதனையில் தெரியவந்தால் யாரை நோவது? பிறகு கடலில் பணிக்காலம், நான்காம் வகுப்புத் தகுதித் தேர்வு. அதைத் தேறியவர் பொறுப்புப் பொறியாளராகிறார். படிப்படியாக இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு. முதல் வகுப்புத் தேறியவரே தலைமைப் பொறியாளராக முடியும். எளிய வழி என்று நாம் கூறமாட்டோம். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கவேண்டும். நோன்பும் பெருநாளும் நடுக்கடலில் வரும். தந்தையின் மய்யித்துக்கு வந்து சேர முடியாதவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். ஊதியம் பெரிது என்பது உண்மை. அந்த ஊதியத்தின் விலையும் பெரிது.

கரி அள்ளும் காலம் போய்விட்டது. இன்று கணினித் திரையில் எந்திரத்தைக் கண்காணிக்கிறார்கள். ஆயினும் அனுபவமுள்ள பொறியாளர்கள் இன்றும் எந்திர அறைக்குள் நுழைந்ததும் முதலில் சற்று நேரம் நின்று காது கொடுத்துக் கேட்பார்கள் என்று அத்துறையினர் கூறக் கேட்டிருக்கிறோம். எந்தப் பம்பின் ஓசை மாறியிருக்கிறது, எங்கே அதிர்வு கூடியிருக்கிறது என்று கைப்பட்டால் தெரியுமாம். இதை எந்தப் பாடநூலும் கற்றுத்தராது. பக்கத்தில் நின்று, கையைப் பிடித்து, 'இங்கே தொட்டுப் பார்' என்று ஒருவர் சொல்லித் தரவேண்டும். அர்தசீரின் காலத்தில் அப்படிச் சொல்லித்தர அவருக்கு ஒருவர் இல்லை. நம் பிள்ளைகளுக்கு இருக்கிறார்கள்.

இந்த அவையிலேயே எந்திர அறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்கள் மூவர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் முன்கூட்டியே பேசியிருக்கிறோம். மேடைக்கு வரமாட்டோம் என்று மறுத்துவிட்டனர். கீழ்த்தளத்துப் பழக்கம் போலும்! ஆனால் மாணவர்கள் வந்தால் பேசுவோம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உணவுக்குப் பின் அஸர் வரை மதரஸாவின் மாடியில் இருப்பார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள் மதிப்பெண் பட்டியலோடு மேலே வரவும். பெற்றோரும் உடன் வரலாம். இதற்குள் யாரிடமேனும் பணம் கொடுத்துவிட்டவர்கள் இருந்தால், கூச்சப்படாமல் அந்த ரசீதையும் எடுத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.